அன்று பயமுறுத்திய ‘நாளைய மனிதன்’... இன்று பார்த்தால் ஏன் கண் கலங்குகிறது?

செத்தவன் எழுந்து வருகிறான் என்றதும் கண்ணைப் பொத்திக்கொண்ட குழந்தைகளுக்கு இன்று வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதே படத்தை அவர்கள் மறுபடியும் பார்த்தால், பயம் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் பேய்க்கதைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஒற்றைப் புளியமரத்தில் முனி, கண்மாய்க் கரையில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஊருக்கு ஒரு கதை உண்டு. ஆனால், அந்தப் பயத்துக்கு மருந்தும் கூடவே இருந்தது. நெற்றியில் திருநீறு, கையில் மந்திரித்த கயிறு, ஊர் எல்லையில் குதிரையோடு அய்யனார். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் குதிரையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, எந்தப் பேயும் அதைத் தாண்டி வராது என்ற தைரியம் இருந்தது.

1989-ல் வெளியான ‘நாளைய மனிதன்’ அந்தத் தைரியத்தில்தான் கைவைத்தது.

ஊசியிலிருந்து வந்த பேய்

ஒளிப்பதிவாளராக இருந்த வேலு பிரபாகரன் இயக்கிய படம். நாயகன் பிரபு. டாக்டராக ஜெய்சங்கர். இறந்து இரண்டு மணி நேரத்துக்குள் செலுத்தினால் உயிரை மீட்டுவிடும் மருந்து ஒன்றை அந்த டாக்டர் கண்டுபிடிக்கிறார். உறவென்று யாரும் இல்லாத ஒருவரின் உடலில் அதைச் சோதித்துப் பார்க்கிறார். உடல் எழுந்துகொள்கிறது. ஆனால், எழுந்தது பழைய மனிதன் இல்லை. கண்ணில் பட்டவர்களைக் கொல்லும் மிருகம். அந்த வேடத்தில் அஜய் ரத்னம். படம் கிளப்பிய பரபரப்பில், அடுத்த ஆண்டே ‘அதிசய மனிதன்’ என்று இரண்டாம் பாகமும் வந்தது.

அதுவரை தமிழ் சினிமாவின் பேய், வெள்ளைப் புடவையும் கொலுசுச் சத்தமுமாக வரும். பூசாரி வந்து வேப்பிலை அடித்தால் போய்விடும். இந்தப் படத்தில் வந்தது ஆவி இல்லை, ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதனிடம் திருநீறு பலிக்காது. பின்னாளில் கடவுள் மறுப்பைப் பேசும் ‘கடவுள்’ (1997) படத்தை எடுத்தவரும் இதே வேலு பிரபாகரன்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பயத்தின் வேர் புரியும்.

டூரிங் டாக்கீஸின் மணல் தரையிலும், டிவியும் ‘டெக்’கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓட்டிய கல்யாண வீடுகளிலும் சினிமா பார்த்து வளர்ந்த தலைமுறை அது. இந்த மாதிரிப் படம் முடிந்து இருட்டில் வீடு திரும்பும்போது, வரிசையின் கடைசியில் நடக்க யாருமே முன்வர மாட்டார்கள்!

இப்போது பார்த்தால்...

முதல் அரை மணி நேரத்திலேயே ஒன்று தெரிந்துவிடும். பயம் வரவில்லை. ஒப்பனை ஒப்பனையாகவே தெரிகிறது. பின்னணி இசை முந்திக்கொண்டு வந்து ‘இப்போது பயப்படு’ என்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகள் சிரிக்கக்கூடும்.

ஆனால், சின்ன வயதில் காதில் விழுந்தும் மனதில் நிற்காத ஒரு விஷயம் இப்போது அசையவிடாமல் பிடித்து வைக்கிறது. அந்த ‘இரண்டு மணி நேரம்’.

பத்து வயதில், இறந்தவர் எழுந்து வந்துவிடுவாரோ என்று பயம். நாற்பதைத் தாண்டும்போது, அநேகமாக எல்லோரும் அப்பாவையோ அம்மாவையோ நெருங்கிய ஒருவரையோ வழியனுப்பியிருப்பார்கள். ஆம்புலன்ஸில் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகும் வழியெல்லாம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், புதுக்கோட்டையில் 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி வருவதற்கு முந்தைய காலத்தில் எத்தனையோ பேர். ‘ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்துவிட மாட்டாரா’ என்று ஐ.சி.யூ வாசலில் நின்று வேண்டிக்கொண்டவருக்கு, அந்த டாக்டரின் கனவு பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது. இறந்தவர் எழுந்து வரக் கூடாது என்று பயந்த அதே மனம், எழுந்து வரமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறது. படம் மாறவில்லை, பார்ப்பவர்தான் மாறியிருக்கிறார்.

யாரைக் கேட்டுச் செய்தார்?

அந்த ஏக்கத்தோடு பார்க்கும்போதுதான் அடுத்த கேள்வி வருகிறது. டாக்டரின் நோக்கம் நல்லது. ஆனால், யாரைக் கேட்டுச் செய்தார்? தன் வீட்டாருக்கு அந்த மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பாரா? கேட்க நாதியில்லாத உடல் என்பதால்தான் அந்த ஊசி அங்கே இறங்குகிறது. சிறுவயதில் அரக்கனாகத் தெரிந்தவன், இப்போது யாரிடமும் எதையும் கேட்காத, எதற்கும் சம்மதிக்காத ஒரு மனிதனாகத் தெரிகிறான்.

இந்தக் கேள்விக்கு வயது 200-க்கு மேல். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ நாவல் 1818-ல் வெளியானது. அந்தப் பெயர் அரக்கனுடையது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், உருவாக்கியவரின் பெயர்தான் அது. உருவாக்கப்பட்டவனுக்குப் பெயரே இல்லை.

நிஜத்தில் என்ன நடக்கிறது?

இதயம் நின்றுபோனால், ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிடங்களிலேயே மூளை செல்கள் பாதிக்கப்படத் தொடங்கும். அதனால்தான் மார்பை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர் முதலுதவிக்கு அவ்வளவு முக்கியத்துவம்.

2019-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், இறந்து நான்கு மணி நேரமான பன்றிகளின் மூளையில் ஒரு திரவத்தைச் செலுத்தி, செல்களின் சில இயக்கங்களை மீட்டார்கள். உணர்வு திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்பதிலும் அவர்கள் கவனமாக இருந்தார்கள். அதற்கான அறிகுறி தெரிந்தால் உடனே நிறுத்த மயக்க மருந்தோடு தயாராக இருந்தார்கள். படத்தின் டாக்டரிடம் இல்லாமல்போனது இந்த முன்யோசனைதான்.

நம் ஊரில் மருத்துவம் வேறொரு வழியில் மரணத்தைத் தாண்டியிருக்கிறது. படம் வந்த ஐந்தாவது ஆண்டில், 1994-ல், மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை அவருடைய டாக்டர் பெற்றோர் தானமாகக் கொடுத்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இறந்தவர் எழுந்து வருவதில்லை. ஆனால், அவர் இதயம் இன்னொருவருக்குள் துடிக்கிறது. அதற்கு முன்னால், துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் மருத்துவர்கள் ஒரு வார்த்தை கேட்கிறார்கள். சம்மதம் கிடைத்த பிறகே கத்தியை எடுக்கிறார்கள்.

வேலு பிரபாகரன் 2025-ல் காலமானார். அவருடைய முதல் அரக்கனைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி பார்க்கலாம். ஒப்பனையைப் பார்த்து அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். படம் முடிந்ததும், ‘நம்ம வீட்டில் ஒருத்தருக்கு அப்படி ஆனால் என்ன செய்வது?’ என்று பேசிப் பாருங்கள். சி.பி.ஆர் முதல் உறுப்பு தானம் வரை, வீட்டில் யாரும் எடுக்கத் தயங்கும் பேச்சு அங்கிருந்து தொடங்கலாம்.