அருங்காட்சியக விளக்கப் பலகைகளும் பார்வையாளரும்

இந்தியாவின் முதல் அருங்காட்சியகம் 1814ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றியது. சென்னை அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. முன்னதை 'ஜாதுகர்', அதாவது மாயவீடு, என்றும், பின்னதைச் 'செத்த காலேஜ்' என்றும் பொதுமக்கள் அழைத்து வந்தனர். வியப்புக்கு இடமளித்த இக்கூடங்கள் விளக்கத்திற்கு எந்த அளவு இடமளித்தன என்பது சிந்தனைக்குரியது.

ஒவ்வொரு பேழையின் அருகிலும் காப்பாட்சியர் நின்று விளக்க இயலாது. அவருக்குப் பதிலாகப் பேசுவது விளக்கப் பலகையே. ஆயினும், 'பலகையை யார் படிக்கிறார்கள்?' என்ற சலிப்பு அத்துறையினரிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. இது குறித்து மேலைநாடுகளில் நடைபெற்ற ஆய்வுகள் நமக்கும் பயன்தரத் தக்கவை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, தாழ்வாக வைக்கப்பட்ட பொருள்களையும் குறிப்புகளையும் காணப் பார்வையாளர் எவ்வாறு குனிந்தும் வளைந்தும் வருந்துகின்றனர் என்பதைப் புகைப்படங்களால் எடுத்துக்காட்டியது. 1928ஆம் ஆண்டில் எட்வர்டு ராபின்சன் வெளியிட்ட ஆய்வு, ஒவ்வொரு பொருளின் முன்னும் பார்வையாளர் சிறிது நேரமே நிற்பதைப் புலப்படுத்தியது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாலெட் மக்மானஸ் மேற்கொண்டு 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையை வெளிப்படுத்தியது. பார்வையாளரின் உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, படிக்காதவர்போல் தோன்றியவர்களின் பேச்சிலும் பலகையின் சொற்கள் எதிரொலித்தன. குழுவில் ஒருவர் படித்துச் சொல்ல, ஏனையோர் அதனைப் பற்றி உரையாடினர். பலகையை அவர்கள் தம்முடன் பேசும் ஒருவராகவே கருதினர்.

இக்கண்டுபிடிப்பு இந்தியாவுக்குச் சிறப்பாகப் பொருந்தும். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஏழு வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான மக்களில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 73 சதவீதத்தினரே. குடும்பத்துடன் வரும் முதியவருக்குப் பள்ளி மாணவரே படித்துச் சொல்ல வேண்டியிருக்கலாம். எனவே பலகையின் வாசகம் கண்ணுக்கு மட்டுமன்றிச் செவிக்கும் ஏற்றதாக அமைதல் வேண்டும். வாய்விட்டுப் படித்தால் பொருள் விளங்காத வாக்கியம் ஒருவரை மட்டுமல்ல, ஒரு குழுவையே கைவிட்டுவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, தில்லி தேசிய அருங்காட்சியகத்திலுள்ள மொகஞ்சதாரோ நடன மங்கை சிலையைக் கொள்ளலாம். 'வெண்கலம், சிந்துவெளி நாகரிகம்' என்று மட்டும் குறித்தால் அது பதிவேட்டுக்குப் போதுமானது, பார்வையாளருக்குப் போதாது. பாடநூலில் பெரிதாகக் கண்ட சிலை உண்மையில் சுமார் 10.5 சென்டிமீட்டர் உயரமே என்பது அவருக்கு வியப்பளிக்கும். 'இடக்கை நெடுகிலும் வளையல்கள். வலக்கையில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய பின் உலோகத்தை வார்த்தனர்' என எழுதினால், படித்தவரின் பார்வை மீண்டும் சிலைக்குத் திரும்பும். நல்ல விளக்கம் செய்ய வேண்டிய பணி இதுவே.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பார்வையாளர் முதலில் கேட்கும் வினாவுக்கு முதல் வாக்கியத்திலேயே விடை தருதல், வட்டார மொழிக்கு முதலிடம் அளித்தல், குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருவோரும் படிக்கத்தக்க உயரத்தில் பெரிய எழுத்துகளில் அமைத்தல் ஆகியவை இன்றியமையாதவை. நிலையான பலகையைச் செய்வதற்கு முன், தட்டச்சு செய்த தாளைப் பேழையருகே ஒட்டி, மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்டுத் திருத்தலாம்.

அரும்பொருள்களைச் சேகரிப்பதற்கும் காப்பதற்கும் அரசு பெரும்பொருள் செலவிடுகிறது. அவற்றின் பொருளை மக்கள் உணர்ந்து செல்லும்போதுதான் அச்செலவு முழுப்பயன் அளிக்கும்.