விசையுந்து பழுதுபார்ப்பு அறிவுரைகளை மதிப்பிடுதல்

விசையுந்து பழுதுபார்ப்பு அறிவுரைகளை மதிப்பிடுதல் என்பது, மோட்டார் சைக்கிளைப் பேணவும் அதன் கோளாறுகளை நீக்கவும் எழுத்து, காணொளி, வாய்மொழி ஆகியவற்றின் வழியாகக் கிடைக்கும் குறிப்புகளில் எவற்றைக் கைக்கொள்ளலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என ஆராய்ந்து அறிவதைக் குறிக்கும். தீங்கு விளைவிக்கும் அறிவுரைகளிற் பல முழுப் பொய்கள் அல்ல. அவை வேறொரு வண்டிக்கு, வேறொரு காலத்தில் உண்மையாக இருந்தவை. ஆகவே கூறியவர் நேர்மையானவரா என்பதைக் காட்டிலும், கூறப்பட்டது எந்த வண்டிக்கு உரியது என்பதே முதலில் எழுப்ப வேண்டிய கேள்வியாகும்.

கையேடுகள்

ஒரு விசையுந்திற்கு இருவகைக் கையேடுகள் உண்டு. வண்டி வாங்கும்போது உடன் தரப்படுவது உரிமையாளர் கையேடு. எண்ணெயின் வகை, டயர்க் காற்றழுத்தம், செயின் தளர்வு போன்றவை இதில் இருக்கும். பணிமனைக் கையேடு என்பது பழுதுபார்ப்போருக்கானது. ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு முறுக்க வேண்டும், எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பன இதில் தரப்படுகின்றன. ஓர் அறிவுரை இவற்றுடன் முரண்படுமாயின், ஏன் முரண்படுகின்றது என்பதற்கு அறிவுரை கூறுபவரே விளக்கம் தர வேண்டும். கையேட்டிலும் பிழை இருக்கலாம். எனினும் அது குறிப்பிட்ட வண்டியை உருவாக்கியவர்களால் அந்த வண்டிக்கென்றே எழுதப்பட்டது. இச்சிறப்பு வேறெந்த அறிவுரைக்கும் இல்லை.

எஞ்சின் எண்ணெய் பற்றிய சர்ச்சை

"காருக்குரிய எஞ்சின் எண்ணெயையே மோட்டார் சைக்கிளுக்கும் ஊற்றலாம்; தனி எண்ணெய் என்பது விற்பனைத் தந்திரம்" என்ற கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இதனை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தத்தம் அனுபவத்தைச் சான்றாகக் காட்டுவர். இரு தரப்பாரும் உண்மையே கூறுகின்றனர் என்பதே இதில் வியப்பு.

பெரும்பாலான நான்கு வீச்சு விசையுந்துகளில் எஞ்சின், பற்சக்கரப்பெட்டி, கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்து கொள்கின்றன. கிளட்ச் தட்டுகள் அந்த எண்ணெயில் நனைந்தபடியே இயங்குவதால் இது ஈர கிளட்ச் எனப்படுகின்றது. தட்டுகளுக்கு இடையே உராய்வு போதிய அளவு இருந்தால்தான் எஞ்சினின் திறன் சக்கரத்திற்குச் செல்லும். கார்களில் கிளட்ச் பொதுவாக எஞ்சின் எண்ணெயைத் தொடுவதில்லை. எனவே எரிபொருளைச் சேமிக்கும் நோக்கில் உருவாக்கப்படும் கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. காருக்கு நன்மை செய்யும் அதே சேர்மம் ஈர கிளட்சை வழுக்கச் செய்யலாம். அவ்வாறு வழுக்கும்போது, மேல் கியரில் முறுக்கியைத் திருப்பினால் எஞ்சினின் ஓசை உயரும்; வேகம் உயராது. ஒரு லாரியை முந்திச் செல்ல முற்படும் வேளையில் இது வெறும் எண்ணெய்ச் செலவு பற்றிய சிக்கலாக இராது.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டு ஜப்பானிய வாகனத் தர அமைப்பான ஜாசோ, 1998-ஆம் ஆண்டில் டி 903 என்னும் தரத்தை வெளியிட்டது. இயங்குநிலை உராய்வு, நிலை உராய்வு, கிளட்ச் நிற்க எடுக்கும் நேரம் ஆகியவற்றை அளந்து எண்ணெய்கள் எம்ஏ, எம்பி என வகைப்படுத்தப்படுகின்றன. எம்ஏ உராய்வு மிக்கது. ஈர கிளட்சுக்கு ஏற்றது. 2006-ஆம் ஆண்டின் திருத்தத்தில் இது எம்ஏ1, எம்ஏ2 என மேலும் பிரிக்கப்பட்டது. இவற்றில் எம்ஏ2 கூடுதல் உராய்வு உடையது. எம்பி உராய்வு குறைந்தது. தானியங்கி ஸ்கூட்டர்களில் கிளட்ச் எண்ணெய் படாத தனி அறையில் இருப்பதால் அவற்றிற்கு எம்பி பொருந்தும்.

இனி, கார் எண்ணெயை ஊற்றியும் தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்போரின் கூற்றைப் பார்ப்போம். பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் பாக்சர் வகை வண்டிகளில் நெடுங்காலம் உலர் கிளட்ச் இருந்தது. 2013-ஆம் ஆண்டின் நீர்க்குளிர்ப்பு ஆர்1200ஜிஎஸ் வண்டியில்தான் ஈர கிளட்ச் வந்தது. ராயல் என்ஃபீல்டின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் எஞ்சின், முதன்மைச் செயின் உறை, பற்சக்கரப்பெட்டி ஆகியவற்றிற்குத் தனித்தனியே எண்ணெய் ஊற்றப்படும். இத்தகைய வண்டியின் உரிமையாளர் எஞ்சினில் எதை ஊற்றினார் என்பது கிளட்சைப் பாதிக்கவில்லை. மேலும், கார் எண்ணெய்கள் எல்லாவற்றிலும் உராய்வுக் குறைப்பிகள் இருப்பதில்லை. ஆகவே ஒருவர் பல்லாயிரம் கிலோமீட்டர் இடரின்றி ஓட்டியிருக்கலாம். அந்த அனுபவம் அவருடைய கிளட்சையும் அவர் வாங்கிய குறிப்பிட்ட எண்ணெயையும் பற்றியது. "கார் எண்ணெய்" என்ற பொதுப்பெயரைப் பற்றியது அன்று.

காலம் கடந்த அறிவுரைகள்

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய விசையுந்துகளில் கார்பரேட்டரின் இடத்தை எரிபொருள் உட்செலுத்தல் முறை பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. அதற்கு முன் எழுதப்பட்ட பல குறிப்புகள் இப்போது பொருளற்றவை. காற்றுத்திருகைச் சற்றுத் திருப்புமாறு கூறும் குறிப்பைப் பின்பற்ற முயல்பவர் அத்தகைய திருகையே காணமாட்டார். இதனால் தீங்கில்லை. ஆனால் பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பெட்ரோல் வருகிறதா எனப் பார்க்கச் சொல்லும் குறிப்பு அவ்வாறன்று. கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் பெரும்பாலும் தன் எடையாலேயே இறங்கும். உட்செலுத்தல் முறையிலோ குழாயினுள் பல வண்டிகளில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் இருக்கும். அழுத்தத்தை நீக்காமல் கழற்றினால் சூடான எஞ்சின்மீது பெட்ரோல் பீய்ச்சியடிக்கும்.

ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைக் கொண்டு எரிதலை மதிப்பிடும் முறையும் இத்தகையதே. பழைய படங்களில் காணப்படும் நிறங்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. ஈயமற்ற பெட்ரோல் விட்டுச்செல்லும் படிவு வேறுபட்டது. கரிய புகைப்படிவு, எண்ணெய்ப் பிசுக்கு போன்றவற்றை அறிய இம்முறை இன்றும் உதவும். நுண்ணிய நிறவேறுபாடுகளை மட்டும் நம்பி முடிவு செய்வது தகாது.

ஒரே காலத்து வண்டிகளுக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. எண்ணெய் அளவைப் பார்க்கும் கோலைச் சில வண்டிகளில் மரையில் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும். வேறு சிலவற்றில் முழுதும் திருகிப் பார்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் எண்ணெய் கூடுதலாகவோ குறைவாகவோ ஊற்றப்பட்டுவிடும். யமஹா வண்டிகளின் வலப்புறக் கண்ணாடியில் இடஞ்சுழி மரை இருப்பது வழக்கம். இதனை அறியாதவர் "இடப்பக்கம் திருப்பினால் கழலும்" என்ற பொது விதியை நம்பி, கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்குவார்.

அலகு கூறப்படாத எண்கள்

எண் கூறும் அறிவுரை துல்லியமானது போலத் தோன்றும். எண்ணெய் வடிக்கும் போல்ட்டை "20-க்கு முறுக்குக" என்பது அத்தகையது. 20 நியூட்டன் மீட்டர் என்பது ஏறத்தாழ 2 கிலோகிராம்விசை மீட்டர் அல்லது 15 பவுண்டு அடி ஆகும். அதே 20 பவுண்டு அடியாகக் கொள்ளப்பட்டால் 27 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். 20 கிலோகிராம்விசை மீட்டராகக் கொள்ளப்பட்டால் 196 நியூட்டன் மீட்டர் ஆகும். அதற்கு வெகுமுன்பே போல்ட் முறியும், அல்லது அலுமினிய உறையின் மரை பிய்ந்து வரும். ஒரு சிறிய போல்ட்டால் எஞ்சின் உறையையே மாற்ற நேர்வது பணிமனைகளில் அரிதன்று. மரை உலர்ந்திருக்க வேண்டுமா, எண்ணெய் தடவப்பட வேண்டுமா என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். எண்ணெய் தடவிய மரையில் அதே முறுக்கு போல்ட்டை மேலும் இழுத்துவிடும்.

அனுபவச் சான்று

வண்டி நடுங்குகிறது என ஒருவர் ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி, எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றுகின்றார். நடுக்கம் நிற்கின்றது. "பிளக்கை மாற்றினால் சரியாகும்" என அவர் பிறருக்குக் கூறுகின்றார். மூன்றில் எது காரணம் என்பது அவருக்கும் தெரியாது. கழன்றிருந்த ஓர் இணைப்பு, கைபட்டு மீண்டும் பொருந்தியிருக்கவும் கூடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழைய பாகத்தை மீண்டும் பொருத்தினால் கோளாறு திரும்புகிறதா எனப் பார்த்தவரின் கூற்றுக்கு இதைவிட மதிப்பு அதிகம். அவ்வாறு செய்வோர் சிலரே. வண்டி ஓடத் தொடங்கியபின் எவருக்கும் அதனை மீண்டும் கெடுத்துப் பார்க்க மனம் வருவதில்லை.

மறுபுறம், எளிய தோற்றமுடைய அறிவுரையைத் தாழ்வாக எண்ணுவதும் பிழையே. ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டெனன்ஸ்' நூலில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. நண்பரின் பிஎம்டபிள்யூ வண்டியில் கைப்பிடித்தண்டு தளர்ந்து நழுவ, பீர் குவளையின் அலுமினியத் தகட்டை வெட்டி இடையில் செருகலாம் எனக் கதைசொல்லி கூறுவார். மென்மையும் துருப்பிடிக்காத தன்மையும் கொண்ட அத்தகடு அவ்வேலைக்கு ஏற்றதே. விலையுயர்ந்த வண்டிக்குப் பீர் குவளையா என நண்பர் மறுத்துவிடுவார். பொருளின் பண்பைக் கொண்டு எடைபோட வேண்டிய அறிவுரையை அவர் அதன் தோற்றத்தைக் கொண்டு எடைபோட்டார்.

தவறினால் நேரக்கூடியவை

எல்லா அறிவுரைக்கும் ஒரே அளவு சான்று கேட்கத் தேவையில்லை. கிளட்ச் கம்பியின் தளர்வைச் சரிசெய்யும் குறிப்பு தவறாக இருந்தால் மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். பிரேக், திசைதிருப்பி, சக்கர அச்சு ஆகியவற்றைத் தொடும் குறிப்புகளில் தவறு பெரும்பாலும் ஓடும்போதுதான் தெரியவரும்.

பிரேக் திரவம் இதற்குத் தக்க சான்று. டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைக்கால் வகையைச் சார்ந்தவை. டாட் 5 மட்டும் சிலிக்கோன் அடிப்படையிலானது. மற்றவற்றுடன் கலக்கக் கூடாது. 5, 5.1 என எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்று மற்றொன்றின் மேம்பட்ட வடிவம் எனக் கருதுவோர் பலர். பெயரிட்டோர் இதில் பயனருக்கு உதவவில்லை என்றே கூற வேண்டும். கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசு இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் தரம் வேண்டுவது 155 பாகை மட்டுமே. மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது திரவம் கொதித்து ஆவியானால், நெம்புகோல் கைப்பிடியை வந்து தொடும், வண்டி நிற்காது. "திரவம் தெளிவாக இருந்தால் மாற்ற வேண்டாம்" என்ற அறிவுரை இதனாலேயே ஏற்கத்தக்கதன்று. ஈரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவசரத்திற்குச் சிறிது எஞ்சின் எண்ணெய் ஊற்றலாம் என்பது இன்னும் கொடியது. கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் அடைப்புகள் ஊதிக் கெடும். அதன்பின் திரவத்தை மட்டும் மாற்றினால் போதாது. எண்ணெய் பட்ட ரப்பர் பாகங்கள் அனைத்தையும் கழற்றி மாற்ற வேண்டியிருக்கும்.