கரகரப்பின் பிறப்பிடம்

2023 மே மாதம் ஃபோர்டு நிறுவனம் ஒரு முடிவிலிருந்து பின்வாங்கியது. புதிய கார்களில் ஏ.எம். ரேடியோ இருக்காது என்று சொல்லியிருந்தவர்கள், அமெரிக்காவில் கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்து, இருக்கும் என்றார்கள். பேரிடர் எச்சரிக்கை அங்கே ஏ.எம். வழியாகவும் போகிறது. ஆனால் மின்சாரக் கார்களில் ஏ.எம். கேட்பது சிரமம். டெஸ்லா முன்பே அதைக் கைகழுவிவிட்டது.

பேட்டரி தருவது நேர்மின்சாரம். அதை மோட்டாருக்கேற்ப மாற்ற, இன்வெர்ட்டரின் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குச் சுமார் பத்தாயிரம் முறை பல நூறு வோல்ட்டை வெட்டி வெட்டி விடுகின்றன. சட்டென்று வெட்டினால் சூடு குறையும்; அதனால்தான் அவ்வளவு அவசரம். ஆனால் செங்குத்தாக ஏறி இறங்கும் மின்னழுத்தம் அந்தப் பத்தாயிரத்தின் மடங்குகளையெல்லாம் வரிசையாகக் கிளப்பிவிடும். அவை ஏ.எம். அலைவரிசைக்குள் புகுந்து கரகரக்கின்றன.

லேப்டாப் சார்ஜருக்குள்ளும் இதே கதைதான். 300 வோல்ட் 30 நானோநொடியில் ஏறினால், வெறும் 10 பிகோஃபாரட் வழியாகக்கூட அந்தக் கணத்தில் 100 மில்லி ஆம்பியர் கசியும். அங்கே யாரும் கெப்பாசிட்டர் வைத்திருக்க மாட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே போதும்.

பெட்டி சின்னது, அதனால் அவ்வளவாகக் கதிர்வீசாது. வில்லன் ஒயர்தான். 50 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 6 மீட்டர். அதில் கால்பங்கு ஒன்றரை மீட்டர், ஏறக்குறைய சார்ஜர் ஒயரின் நீளம். ஒயருக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் தொல்லையில்லை. இரண்டு கம்பியிலும் ஒரே திசையில் ஓடும் கசிவுதான் ஆபத்து. ஒரு மீட்டர் ஒயரில் அந்த 50 மெகாஹெர்ட்ஸில் அது 5 மைக்ரோ ஆம்பியர் இருந்தாலே, 3 மீட்டர் தள்ளி அளக்கும்போது வீட்டுக் கருவிகளுக்கு அமெரிக்கா விதித்த வரம்பைத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கு பொறியாளருக்கு வரப்பிரசாதம். சென்னை தரமணியில் உள்ள சமீர் சோதனை மையம் போன்ற இடங்களுக்குப் போய்ச் சோதனையில் தோற்றுத் திரும்புவதைவிட, தன் மேசையிலேயே ஒயரைச் சுற்றி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு வளையத்தை மாட்டிப் பார்க்கலாம். கசிவை அதிர்வெண்ணாலும் ஒயரின் நீளத்தாலும் ஒரு மாறிலியாலும் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் கதிர்வீச்சு எவ்வளவு இருக்கும் என்பது உத்தேசமாகத் தெரிந்துவிடும். மிக நீண்ட ஒயர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே கணினியில் மாதிரி அமைத்துத்தான் பார்க்க வேண்டும்.

குறைப்பது எப்படி? பழைய சார்ஜர் ஒயர்களில் புடைத்திருக்கும் உருளை ஒரு ஃபெரைட் வளையம். ஒரே திசையில் ஓடும் கசிவை மட்டும் அது தடுத்து வெப்பமாக மாற்றிவிடும். ஆனால் அது கடைசி நேரக் கட்டு. டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே கவசச் சுற்று வைப்பது மேல். கசிவு ஒயருக்குப் போகாமல் பெட்டிக்குள்ளேயே திரும்பிவர ஒரு சிறு கெப்பாசிட்டரும் வைப்பார்கள். அதைப் பெரிதாக்கினால் இரைச்சல் இன்னும் அடங்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் வழியே கசியும். இரண்டு முள் பிளக்கில் சார்ஜாகும் உலோக லேப்டாப்பை விரலால் வருடும்போது தெரியும் சுருசுருப்பு அதுதான். பாதுகாப்பு விதிகள் அதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன.