கோதுமையை விட்டதும் வயிற்றுல என்ன நடக்குது?

இந்த வாரக் கேள்வி புதுக்கோட்டையில இருந்து: "சப்பாத்தி, பரோட்டா, உப்புமா எல்லாத்தையும் நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. உப்புசம் குறைஞ்சிருக்கு, ஆனா மலச்சிக்கல் வந்துடுச்சு. எனக்கு குளூட்டன் ஒத்துக்கலையா?"

முதல்ல உப்புசம். குளூட்டன்கிறது கோதுமையில இருக்கிற புரதம். அதே கோதுமையில ஃப்ரக்டான்னு ஒரு மாவுப்பொருளும் இருக்கு. அது சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போகும். அங்க பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும்போது கேஸ் உண்டாகும். கோதுமையை நிறுத்தினா ரெண்டுமே போயிடும். ரெண்டு லைன் கோடை ஒண்ணா மாத்திட்டு, எது பக்கை சரி பண்ணுச்சுன்னு கேட்கிற மாதிரிதான் இது. நார்வேல 59 பேர்கிட்ட நடந்து 2018-ல வெளியான ஆய்வுல, குளூட்டனை விட ஃப்ரக்டான் சாப்பிட்டப்பதான் தொந்தரவு அதிகமா இருந்துச்சு. வெங்காயம், பூண்டுலயும் ஃப்ரக்டான் இருக்கு.

அடுத்தது மலச்சிக்கல். 100 கிராம் கோதுமை மாவுல நார்ச்சத்து சுமார் 11 கிராம். வெள்ளை அரிசியில 3 கிராம் கூட இல்ல. சப்பாத்தி இருந்த இடத்துல சோறு வந்தா குடல் மெதுவாகும். கேழ்வரகு, கம்பு ரெண்டுலயும் அதே 11 கிராம் இருக்கு, குளூட்டன் கிடையாது. கூடவே பயறு, காய், தண்ணீர்.

அப்போ சீலியாக் நோய்? குளூட்டன் உள்ள போனா உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்குற நோய் அது. 2016-ல வெளியான இந்திய ஆய்வுல, வட இந்தியாவுல சுமார் நூத்துல ஒருத்தருக்கு இருந்துச்சு. வேலூர்ப் பக்கம் பரிசோதிச்சவங்கள்ல அது ரொம்ப ரொம்ப அரிதா இருந்துச்சு. இத்தனைக்கும் அந்த நோய்க்கு வழிவிடுற மரபணு ரெண்டு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனா ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை அங்க 455 கிராம், இங்க 25. தினமும் ராத்திரி சப்பாத்தி சாப்பிடுறவங்களுக்கு இந்த 25 கணக்கு பொருந்தாது. அதனால "நம்ம ஊர்ல வராது"ன்னு விட முடியாது.

முக்கியமான விஷயம் இதுதான்: சீலியாக் ரத்தப் பரிசோதனையை கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கும்போதே எடுக்கணும். நிறுத்திட்டா ஆன்டிபாடி குறைஞ்சு, நோய் இருந்தாலும் ரிசல்ட் நெகட்டிவ்னு வரலாம். ஏற்கனவே நிறுத்தினவங்க, டாக்டர்கிட்ட அதைச் சொல்லிட்டு, எத்தனை வாரம் திரும்பச் சாப்பிடணும்னு கேளுங்க. எடை குறையுது, ரத்தசோகை, வயிற்றுப்போக்கு நிக்கல, மலத்துல ரத்தம்னா தள்ளிப் போடாதீங்க.

சீலியாக் உறுதியானா ஆயுசுக்கும் பத்தியம். கோதுமை மாவு கலந்த பெருங்காயத்தைக் கூட ஒதுக்கணும். இல்லைன்னு தெரிஞ்சா, அளவைக் குறைச்சாலே போதுமா இருக்கலாம். முதல்ல டெஸ்ட், அப்புறம் டயட்.