தங்கத்தைப் பிரிந்தால் பச்சை நிறம்! எம்மன்சைட் உருவாகும் கதை

தங்கம் லேசில் எதனோடும் சேராது. பாட்டியின் வளையல் பேத்தி கையிலும் அப்படியே மின்னுவது அதனால்தான். அந்தத் தங்கமே பூமிக்கடியில் கூட்டு சேரும் மிகச் சில தனிமங்களில் ஒன்று, டெல்லூரியம்.

அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள கிரிப்பிள் கிரீக் சுரங்கங்களில் இந்த ஜோடியைப் பார்க்கலாம். பெயர், கலவரைட். எடையில் சுமார் 40 சதவிகிதம் தங்கம். ஆனால், வெளிறிய நிறத்தைப் பார்த்தால் தங்கம் என்றே தோன்றாது.

பாறை விரிசல்களில் மழைநீரும் காற்றும் இறங்கும்போது ஜோடி பிரிகிறது. தங்கம் மங்கிய பழுப்பு நிறத்தில் அங்கேயே தங்கிவிடுகிறது. டெல்லூரியமோ ஆக்சிஜன், நீர், அருகிலுள்ள பைரைட் சிதைந்து தரும் இரும்பு ஆகியவற்றோடு சேர்ந்து, மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் படிகிறது. அதுதான் எம்மன்சைட். ஒரு கனிமம் சிதைந்து, அதிலிருந்து பிறப்பதால் இது 'இரண்டாம் நிலைக் கனிமம்'.

அரிசோனாவின் டூம்ஸ்டோன் பகுதியில் கிடைத்த இந்தக் கனிமத்துக்கு, 1885-ல் புவியியலாளர் சாமுவேல் எம்மன்ஸின் பெயர் சூட்டப்பட்டது.

எம்மன்சைட் இருந்தால், டெல்லூரியத் தாது அருகில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். கூடவே தங்கமும் இருக்கலாம். ஆனால் செம்புத் தாதுவும் பச்சைக் கறை விடும். எனவே, கண்ணை நம்பி முடிவு செய்ய முடியாது. ஆய்வகச் சோதனைதான் உண்மையைச் சொல்லும்!