கணக்கில் வராத காற்று

நாற்பது வயதைத் தாண்டிய மெர்சிடிஸ் பென்ஸ் 230இ காரில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பிடுங்கினால், அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையமும் கூடவே வரும். ரப்பர் என்று சொன்னால்தான் தெரியும். உருண்டு திரண்டிருக்க வேண்டிய சதை சப்பையாகிப் போயிருக்கும். நகத்தால் நெம்பினால் வளையாது, அப்பளம் மாதிரிப் பட்டென்று ஒடியும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்த வண்டி நடுங்கியதற்கு இது ஒன்றே போதும்.

1980-இல் வந்த அந்தக் காரில் பெட்ரோலை அளந்து கொடுப்பது, போஷ் நிறுவனம் 1973-இல் கொண்டுவந்த கே-ஜெட்ரானிக் அமைப்பு. எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத பொறி அது. என்ஜின் உறிஞ்சும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தள்ளுகிறது. தட்டு நகரும் அளவுக்கு ஒரு நெம்புகோல் பெட்ரோலின் வழியைத் திறக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கைக் கணினி இல்லாமல் ஒரு தட்டின் அசைவே போட்டுவிடுகிறது! ஆனால் இறுகிப்போன வளையத்தின் ஓரமாகப் புகும் காற்று தட்டைத் தொடுவதே இல்லை. காற்று கூடுகிறது, பெட்ரோல் கூடுவதில்லை. ‘ஏர் இழுக்குது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

அதே வண்டி நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடுமே, எப்படி? நின்றபடி ஓடும் ஐடிலிங்கில், காற்று வழியின் கதவான திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் பாதிக்கும் கீழே போய்விடுவதால் மயிரிழை இடுக்கிலும் காற்று பாயும். என்ஜின் அப்போது குடிக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரும் பங்கு. வேகமெடுத்தால் அளந்த காற்று வெள்ளமாக வரும்; கசிவு அதில் கரைந்துவிடும்.

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறு இழைகளின் சிக்கல். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வழியில், கந்தகமும் சூடும் சேர்ந்து அந்த இழைகளுக்கு அங்கங்கே முடிச்சுப் போடுகின்றன. அமுக்கினால் இழைகள் ஒதுங்கும், விட்டால் பழைய சிக்கலுக்கே திரும்பத் துடிக்கும். காற்றை அடைப்பது அந்தத் துடிப்புதான். வருடக்கணக்கில் என்ஜின் சூடும் ஆக்சிஜனும் பட்டுப்பட்டு, அமுங்கிய நிலையிலேயே புது முடிச்சுகள் விழுகின்றன. வளையம் அந்தச் சப்பை வடிவத்தையே தன்னுடையதாக்கிக்கொள்கிறது.

என்ஜினின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டின் பாடு வேறு. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அரை மீட்டர் நீளத்துக்கு 80 டிகிரி ஏறினால், தடையில்லாதபோது வித்தியாசம் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். ஒவ்வொரு பயணத்திலும் அந்த இழுபறியைத் தாங்கியபடி எரியும் வாயு, தண்ணீர், ஆயில் மூன்றையும் அது பிரித்துவைக்க வேண்டும். அதனால்தான் பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது அலுமினியத்தில் ஒரு கீறல்கூட விழக் கூடாது. போல்ட்டுகளையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு, பல சுற்றாக முறுக்க வேண்டும்.

இன்ஜெக்டருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. புது வளையத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோல் தடவிக் கட்டைவிரலால் அமுக்கினால், கொஞ்சம் முரண்டு பிடித்து, வழுக்கி, பொதுக்கென்று உட்காரும். அந்த முரண்டு விரல்நுனியில் நன்றாகவே தெரியும்.