ஏலமலைப் பாட்டுக்காரர்கள் – 9: சேர்ந்து போட்ட கடைசிப் பாட்டு

சாந்தன்பாறை, பூப்பாறை, ராஜகுமாரி பக்கம் பழைய பாட்டு கேட்கிறவர்களிடம், விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் கடைசியாகச் சேர்ந்து இசையமைத்த படம் எது என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: ‘ஆயிரத்தில் ஒருவன்’. 1965 ஜூலை 9 அன்று வெளியான படம். இதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. அந்தப் படம் இருவரின் உச்சமா, அதற்கு மூன்று மாதம் முன்பு வந்த ‘வெண்ணிற ஆடை’யோடு உச்சம் முடிந்துவிட்டதா?

போன வாரம் கோடைப் பண்பலை இந்தப் பக்கத்து ஆட்களின் காதை எப்படிப் பழக்கியது என்று எழுதியிருந்தேன். அப்படிப் பழகிய காதுக்காரர்களில் ஒருவர், ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலையிலேயே காலத்தைக் கழித்த போடிக்காரப் பெரியவர். அவர் வெண்ணிற ஆடைக் கட்சி. “ஆயிரத்தில் ஒருவன் எம்ஜிஆருக்குப் போட்ட பாட்டு தம்பி. அவரு வந்து நின்னாப் போதும், பாட்டு தானா ஓடும். வெண்ணிற ஆடையில யாரு இருந்தா? எல்லாம் புது முகம். பாட்டுதான் படத்தைத் தூக்கிக்கிட்டுப் போச்சு” என்றார். இதை லேசாகத் தள்ள முடியாது. இயக்குநர் ஸ்ரீதர் அந்தப் படத்தில் ஸ்ரீகாந்த், நிர்மலா, மூர்த்தி, ஜெயலலிதா என்று புதியவர்களையே போட்டிருந்தார். கண்ணதாசன் எழுத, சுசீலாவும் ஜானகியும் பி.பி. ஸ்ரீநிவாஸும் பாடினார்கள். முகம் தெரியாத நடிகர்களுக்கு மனசு இருக்கிறது என்று நம்பவைக்கிற வேலை முழுக்க இசையின் தலையில் விழுந்தது.

பெரியவரோடு வாதாட வருகிறவர் ஒரு ஜீப் ஓட்டுநர், மலையாளி. அவருக்குப் படத்தைப் பற்றிக் கவலையில்லை. “விஸ்வநாதன் நம்ம பாலக்காட்டுக்காரர் அல்லே அண்ணா?” என்று அவர் ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அவர் சொல்வது உண்மை. மனயங்கத்து சுப்பிரமணியன் விஸ்வநாதன் 1928 ஜூன் 24 அன்று பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர். கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் பாட்டுப் படித்தவர். 1973இல் ‘பணிதீராத்த வீடு’ படத்தில் தானே இசையமைத்து அவர் பாடிய பாட்டை மலையாளிகள் இன்றைக்கும் தங்கள் சொத்தாக வைத்திருக்கிறார்கள். உடனே பெரியவர் ராமமூர்த்தி பக்கம் நிற்பார். திருச்சிக்காரர், 1922இல் பிறந்தவர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரன், வயலின் குடும்பம். படத்தைப் பற்றிய வழக்கு இப்படி ஆட்களைப் பற்றிய வழக்காகிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு ஜோடியின் கடைசி வேலையை நிறுத்துப் பார்க்கிற யாரும் கொஞ்ச நேரத்தில் ஜோடியைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இருவரும் சி.ஆர். சுப்பராமன் குழுவில் சந்தித்தவர்கள். ஒருவர் ஆர்மோனியம், மற்றவர் வயலின். 1952இல் சுப்பராமன் இளம் வயதிலேயே இறந்துபோக, அவர் பாதியில் விட்ட படங்களை இவர்கள் முடித்துக்கொடுத்தார்கள். ‘தேவதாஸ்’ அதில் ஒன்று. அதே 1952இல் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்தில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து தலைப்பில் வந்தது. 1963இல் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டம். அடுத்த ஆண்டு ஒன்றிலேயே ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’, ‘சர்வர் சுந்தரம்’ என நான்கு திசையில் நான்கு படம். ஒன்று புராணம், ஒன்று சிரிப்பு, ஒன்று மர்மம், ஒன்று ஏழையின் கதை. நான்குக்கும் ஒரே கூட்டம்தான் வாசித்தது என்றால் இன்றைக்குக் கேட்கும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

ஒரு குழு பிரிந்தபின் அதன் கடைசி வேலையைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் சண்டை போடுவதில் உலகமே பீட்டில்ஸைத்தான் உதாரணம் காட்டும். அங்கே கடைசி எது என்பதே முதல் சிக்கல். ‘லெட் இட் பீ’ 1970 மே மாதம் வெளிவந்தது, ஆகவே கடைசி. ஆனால் அதன் பெரும்பகுதி 1969 ஜனவரியிலேயே பதிவானது. அதற்குப் பின்னால் உட்கார்ந்து முடித்த ‘ஆபி ரோடு’ 1969 செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. ஒரு சாரார் ஆபி ரோடுதான் உண்மையான விடைபெறல் என்பார்கள். இன்னொரு சாரார், கரடுமுரடாக இருந்தாலும் லெட் இட் பீயில்தான் நான்கு பேரும் ஒரே அறையில் இருப்பது கேட்கிறது என்பார்கள். அதற்கு மேல் பில் ஸ்பெக்டர் சேர்த்த வயலின் கூட்டமும் கோரஸும் தேவையா என்று தனி வழக்கு. பால் மெக்கார்ட்னிக்கே அது பிடிக்கவில்லை. 2003இல் அந்தச் சேர்க்கைகளை உருவிவிட்டு அதே தொகுப்பை மறுபடி வெளியிட்டார்கள். சண்டை தீர்ந்தபாடில்லை.

நம் வழக்குக்கும் அதற்கும் ஒரு பெரிய வேறுபாடு. பீட்டில்ஸின் கடைசிப் பதிவுகளைக் கேட்கிறவர்கள் அதில் விரிசலைத் தேடிக் கேட்கிறார்கள், அது கிடைக்கவும் செய்கிறது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ பாடல்களில் விரிசல் கேட்கவே கேட்காது. விடைபெறுகிற குரல் அதில் எங்கும் இல்லை. அன்றைய மதராஸ் ஸ்டூடியோவில் அதற்கு இடமும் இல்லை. ஒரு படம் முடிந்தால் அடுத்த படம். அந்த 1965 ஜனவரியில் ‘எங்க வீட்டுப் பிள்ளை’, ஏப்ரலில் ‘வெண்ணிற ஆடை’, ஜூலையில் இது. ஆகஸ்டு முடிவில் ‘கலங்கரை விளக்கம்’ வந்தபோது இசை என்ற இடத்தில் விஸ்வநாதன் பெயர் மட்டும் இருந்தது. தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதுதான் செய்தி.

இனி என் கட்சியைச் சொல்கிறேன். நான் ‘ஆயிரத்தில் ஒருவன்’ பக்கம். பெரியவர் சொன்ன எம்ஜிஆர் காரணத்துக்காக இல்லை. கூட்டுக்குரலுக்காக.

பி.ஆர். பந்துலு எடுத்த கதை அது. காயம்பட்ட புரட்சிக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்த குற்றத்துக்காக மணிமாறன் என்ற மருத்துவன் அவர்களோடு சேர்த்து அடிமையாக ஒரு தீவுக்கு விற்கப்படுகிறான். அங்கிருந்து தப்பிக் கடலில் கொள்ளைக்காரர்களோடு அலைகிறான். மூலம் ‘கேப்டன் பிளட்’ என்ற ஹாலிவுட் படம். கதையில் தனி ஆள் என்று யாருமில்லை, தலைவன் போகிற இடத்துக்கெல்லாம் ஒரு கூட்டம் கூடவே போகிறது. இசையமைத்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணதாசன் எழுதிய அந்தப் பறவைப் பாட்டைக் கேளுங்கள். டி.எம். சௌந்தரராஜன் தனியாகப் பாடுகிற மாதிரித்தான் தோன்றும். ஆனால் பாட்டை நகர்த்துவது பின்னால் வருகிற ஆட்களின் குரல். அவர் ஒரு வரியை வீசுகிறார், அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கிதாரின் வெட்டு கப்பல் ஓட்டத்தின் வேகத்தைக் கொடுக்கிறது. கோரஸை எடுத்துவிட்டால் அது சாதாரண உல்லாசப் பாட்டு. கோரஸோடு கேட்டால் விடுதலை என்பது பல பேர் சேர்ந்து கேட்கிற பொருள் என்று சொல்லாமல் விளங்குகிறது.

வாலி எழுதிய ‘பருவம் எனது பாடல்’ வேறு வகை. இளவரசி தன் தோழிகளோடு பாடுகிற பாட்டு. சுசீலாவின் நீண்ட ஹம்மிங், அதைச் சுற்றிப் பெண்களின் குரல்கள். இங்கும் கூட்டம்தான். தீவின் ஒரு பக்கம் அடிமை ஆண்கள் சேர்ந்து பாடுகிறார்கள், இன்னொரு பக்கம் அரண்மனைப் பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள், இரண்டுக்கும் ஒரே ஆட்கள் இசையமைத்திருக்கிறார்கள். ‘வெண்ணிற ஆடை’ ஒரு பெண்ணின் மனசுக்குள் போகிற இசை, அதில் அது மிக உயரம். ஆனால் தனி மனசின் துக்கத்துக்கு நல்ல பாட்டுகள் தமிழில் நிறைய உண்டு. ஊர் சேர்ந்து பாடுகிற மாதிரி சினிமாவில் இசையமைத்தவர்கள் குறைவு. இவர்கள் செய்துகாட்டினார்கள்.

இந்த மலையில் அந்தப் பறவைப் பாட்டுக்கு ஏன் இவ்வளவு உயிர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். படம் வந்த காலத்தில் இடுக்கி மாவட்டமே கிடையாது. 1972இல்தான் அது உருவானது. அதுவரை உடும்பஞ்சோலையும் தேவிகுளமும் கோட்டயம் மாவட்டத்துத் தாலுகாக்கள். படம் வருவதற்கு ஒன்பது ஆண்டு முன்பு, 1956இல், மொழிவழி எல்லை பிரித்தபோது தமிழர்கள் கேட்டும் கிடைக்காமல் கேரளத்தோடு போன பகுதி. மூணாறுப் பக்கம் தேயிலைக்குக் கங்காணி பின்னால் முன்பணம் வாங்கிக்கொண்டு ஏறிய குடும்பங்கள் லயங்களில் இருந்தன. சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்துக்குப் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், இன்றும் விடிகாலையில் ஜீப்களில் வருகிறார்கள். அவர்களுக்கு, கடலுக்கு அப்பால் விற்கப்பட்ட ஆட்கள் சேர்ந்து பாடுகிற பாட்டு எம்ஜிஆர் பாட்டு மட்டுமாக இருந்திருக்காது. காய் எடுக்கிற பெண்கள் ஜீப்பில் அதைச் சேர்ந்து பாடிக் கேட்டிருக்கிறேன். தலைவன் வரியை ஒருத்தி எடுக்க, மற்றவர்கள் கோரஸ். ‘வெண்ணிற ஆடை’ப் பாட்டை அப்படிப் பாட முடியாது. அது அந்தப் பாட்டின் குறை ஆகாது. ஆனால் ஒரு பாட்டு ஆட்களின் வாயில் எப்படி நிற்கிறது என்பதும் அதன் எடைதான்.

இனி ஓட்டுநர் கிளப்பிய வழக்கு. எது யாருடையது? விஸ்வநாதன் கட்சிக்காரர்கள், பிரிந்தபின் அவர் செய்த படங்களைக் காட்டுவார்கள். ‘அன்பே வா’, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ என்று பட்டியல் நீளும். ராமமூர்த்தி தனியாகச் செய்தது குறைவு. ‘சாது மிரண்டால்’, ‘தேன் மழை’, ‘மறக்க முடியுமா’, ‘நான்’, ‘தங்கச் சுரங்கம்’ என்று விரல்விட்டு எண்ணலாம். ஆகவே ஜோடியில் வேலை செய்தவர் விஸ்வநாதன்தான் என்று முடிப்பார்கள். எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. எத்தனை படம் கிடைத்தது என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு, நட்சத்திரங்களின் கணக்கு. திறமையை அதை வைத்து அளக்கக் கூடாது. ‘தேன் மழை’யையும் ‘நான்’ படத்தையும் செய்தவருக்கு ஜோடியில் வயலின் வேலை மட்டும்தான் இருந்தது என்று யாராவது சொன்னால் நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். கூடவே ஆர். கோவர்த்தனமும் ஹென்றி டேனியலும் உதவியாளர்களாக நின்ற அறை அது. நல்ல மெட்டு யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று வெளியே நிற்கிற நாம் பிரிப்பது வீண் வேலை. அந்தப் பதின்மூன்று ஆண்டுப் பாட்டுகளை ஒரே கையெழுத்தாகக் கேட்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இன்னொரு சிறு கட்சியும் உண்டு. அவர்கள் கணக்கில் கடைசிப் படம் 1995இல் வந்த ‘எங்கிருந்தோ வந்தான்’. பிரியதர்ஷனின் ‘சித்ரம்’ என்ற மலையாளப் படத்தைச் சந்தான பாரதி தமிழில் எடுத்தார், சத்யராஜ் நடித்தார். முப்பது ஆண்டு கழித்து இருவர் பெயரும் மறுபடி ஒரே வரியில் வந்தது. இங்கே ‘சித்ரம்’ பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருக்கிற ஊர்க்காரர்களிடம் அந்தத் தமிழ்ப் படம் எடுபடவில்லை. அதே 1995 டிசம்பரில் பீட்டில்ஸில் மிச்சமிருந்த மூவர், 1980இல் கொல்லப்பட்ட ஜான் லெனனின் பழைய நாடாக் குரலை வைத்து ‘ஃப்ரீ ஆஸ் எ பேர்டு’ என்ற பாட்டை முடித்து வெளியிட்டார்கள். 2023இல் ‘நவ் அண்ட் தென்’ என்று இன்னொன்று. மறுபடி கூடுவது ரசிகர்களுக்குக் கண்ணீர் வரவழைக்கும். ஆனால் அதைப் பழைய காலத்தின் கடைசி வரியாக எண்ணக் கூடாது என்பது என் எண்ணம். தினம் ஒரே அறையில் உட்கார்ந்து உருவாக்கிய மொழி, முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் ஒரு படத்துக்காகக் கூடினால் திரும்பி வராது.

2012இல் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது இருவரையும் ஒரே மேடையில் அமரவைத்து ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ பட்டம் கொடுத்தார். நம் வழக்கின் இரண்டு படங்களிலும் நடித்தவர் அவர். எந்தப் படம் என்று அவரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு இன்றும் வருத்தம். 2013 ஏப்ரலில் ராமமூர்த்தி போனார். 2014 மார்ச்சில் ‘ஆயிரத்தில் ஒருவன்’ புது மெருகோடு மறுபடி திரைக்கு வந்து சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. விஸ்வநாதன் 2015 ஜூலை 14 அன்று போனார். படம் வந்து ஐம்பது ஆண்டு நிறைந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

பெரியவர் தன் கட்சியை விடவில்லை, நானும் விடவில்லை. ஆனால் ராமமூர்த்தி தனியாகச் செய்த படங்களை இந்தப் பக்கத்தில் யாரும் ஒழுங்காகக் கேட்டதில்லை என்பதில் இருவரும் ஒத்துப்போனோம். ‘மறக்க முடியுமா’வுக்குக் கருணாநிதி எழுதி, சுசீலா பாடிய அந்தப் பாட்டிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.